மாணவர் பரிமாற்றமும் பயணத்தின் சூழற் சுமையும்

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மாணவர் பரிமாற்றம் பெரும்பாலும் பண்பாட்டுறவு என்ற கோணத்திலேயே நோக்கப்பட்டு வந்துள்ளது. மாணவர் எவ்வழியாற் சென்றனர், அதனால் வளிமண்டலத்திற் சேர்ந்தது என்ன என்னும் வினாக்கள் அண்மைக்காலம் வரை கல்வியாளரின் கவனத்தைப் பெறவில்லை. 2019இல் றொபின் ஷீல்ட்ஸ் வெளியிட்ட ஆய்வு இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. நாடு கடந்த மாணவர் பெயர்வோடு தொடர்புடைய பச்சைவீட்டு வாயு வெளியேற்றம் 1999இல் 72 இலட்சம் தொன்னுக்கும் 190 இலட்சம் தொன்னுக்கும் இடைப்பட்டிருந்தது என்றும், 2014இல் அது 140 இலட்சத்துக்கும் 385 இலட்சத்துக்கும் இடைப்பட்டதாக உயர்ந்தது என்றும் அவர் மதிப்பிட்டார். எல்லைகள் இத்துணை அகன்றிருப்பதே இக்கணக்கீடு இன்னும் இளம் நிலையில் உள்ளது என்பதைக் காட்டும். எனினும் மாணவர் ஒருவருக்கான வெளியேற்றம் இக்காலத்திற் குறைந்துள்ளது என்ற அவரது முடிவும் மனங்கொள்ளத்தக்கது.

ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம் இப்பிரச்சினையை நேரடியாக எதிர்கொள்ள முனைந்தது. 1987இல் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவருடன் தொடங்கிய அத்திட்டம், 2021இல் புகையிரதம், பேருந்து போன்றவற்றிற் பயணஞ் செய்யும் மாணவருக்கு ஒரு தடவைக்கான 50 யூரோவையும், வழியிற் கழியும் நாள்களுக்காக 4 நாள் வரையிலான மேலதிகப் படியையும் வழங்க முன்வந்தது. இது நல்ல நோக்கமே. ஆயினும் சுமையின் பெரும்பகுதியை மாணவரின் பணப்பையிலேயே விட்டுவிடுகிறது. தூர வழியொன்றில் விமானச்சீட்டு புகையிரதச் சீட்டினும் மலிவாக இருக்குமாயின், வசதி குறைந்த மாணவர் எதைத் தெரிவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விமானம் மலிவாயிருப்பது இயற்கையின் நியதியன்று. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை, வந்திறங்கும் விமானத்தின் தாங்கியிலுள்ள எரிபொருளுக்கு வரி விதிப்பதைத் தடுத்தது. பின்னெழுந்த இருநாட்டு ஒப்பந்தங்கள் அவ்விலக்கை மேலும் விரித்தன. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் எரிசக்தி வரி விதிகளை வகுத்தபோதும் வர்த்தக விமானங்களின் எரிபொருளுக்கு விலக்களித்தது. 1997ஆம் ஆண்டின் கியோட்டோ ஒப்பந்தமோ சர்வதேச விமானப் போக்குவரத்தை நாடுகளின் குறைப்பு இலக்குகளுட் சேர்க்காது, சர்வதேசக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் விட்டது. இவை யாவும் அரசுகள் எடுத்த தீர்மானங்கள். இவற்றை மறந்து மாணவரின் மனச்சாட்சியை நோக்கி உபதேசிப்பது பிரச்சினையின் வேரைத் தொடாது.

பயணத்தின் காலஅளவும் கருதப்படவேண்டும். ஒருவர் ஓராண்டு தங்கினும் ஐந்து நாள் தங்கினும் ஒரு முறை பறந்து மீள்வதன் வெளியேற்றம் ஒன்றே. எனவே கற்கும் நாளொன்றுக்கான சுமையை நோக்கின், நீண்ட தங்கலே சிக்கனமானது. ஆனால் 2021இல் எராஸ்மஸ் அறிமுகப்படுத்திய கலப்புமுறைச் செறிவுத் திட்டங்கள் 5 முதல் 30 நாள் வரையிலான குறும்பயணங்களை ஊக்குவிக்கின்றன. வேலை செய்து கற்கும் மாணவருக்கும் குடும்பப் பொறுப்புடையோருக்கும் இவை வாயிலைத் திறக்கின்றன என்பது உண்மை. ஆயினும் ஒரு கையாற் பசுமைப் படி வழங்கி, மறு கையாற் குறும்பயணங்களைப் பெருக்குவது முரண்பாடே.

நம் போன்ற தீவு நாட்டவருக்கு இவ்விவாதத்தில் வேறோர் அபாயமுண்டு. கொழும்பிலிருந்து இலண்டன் சென்று மீளும் ஒருவரின் பங்காக வெளியேறும் காபனீரொட்சைட்டு 1 தொன்னுக்கு மேற்பட்டது; இலங்கையர் ஒருவரின் சராசரி வெளியேற்றம் ஆண்டொன்றுக்கே ஏறத்தாழ 1 தொன்தான். தூரத்தை மட்டும் அளவுகோலாக்கினால், சூழலுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்த சமூகங்களின் மாணவரே முதலில் விலக்கப்படுவர். குறைப்பு தொடங்கவேண்டிய இடம், தரைவழி உள்ள இடத்திலும் பறக்கும் பேராசிரியர் குழுக்களும் நிருவாகிகளின் கூட்டங்களுமாகும்.

அண்டைநாட்டுக் கல்வியைப் பொறுத்தவரை நமக்கும் மாற்றுவழி இருந்தது. 1914இல் தொடங்கிய தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பற் சேவை இருபுறமும் புகையிரதத்துடன் இணைந்து, சென்னைக்கும் அண்ணாமலை நகருக்கும் கற்கச் சென்ற ஈழத்து மாணவரை ஏற்றிச் சென்றது. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த அச்சேவை 1980களில் நின்றுபோயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய பயணிகள் கப்பல், சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடலாயிற்று. தமிழகப் பல்கலைக்கழகங்களோடு நம் துறைகள் செய்துகொள்ளும் உடன்பாடுகளில் கப்பற் கட்டணத்தையும், கடல் கொந்தளித்துக் காத்திருக்க நேரும் நாள்களுக்கான படியையும் சேர்ப்பதற்குப் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை.