ஊர் திரும்பாத ஓவியம்

ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மட்ரிட்டில், ரெய்னா சோபியா அருங்காட்சியகத்தில் ‘குவெர்னிக்கா’ என்னும் ஓவியம் இருக்கிறது. 1937ஆம் ஆண்டு குண்டுவீச்சுக்கு இரையான குவெர்னிக்கா நகரின் துயரத்தைப் பாப்லோ பிக்காசோ அதில் தீட்டினார். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்ட அந்தக் கித்தான் ஓவியம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல நகரங்களுக்குச் சென்றது. பயணத்திற்காக அதைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பாய்போல் சுருட்டினார்கள். போய்ச் சேர்ந்ததும் விரித்து மாட்டினார்கள். அதனால் வண்ணப்பூச்சில் ஏராளமான விரிசல்கள் விழுந்தன. 1997இல் பில்பாவோ நகரில் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, குவெர்னிக்கா அமைந்துள்ள பாஸ்க் வட்டாரத்தினர் அந்த ஓவியத்தை இரவலாகக் கேட்டனர். அது இன்னொரு பயணத்தைத் தாங்காது என்று மறுத்துவிட்டார்கள்.

சுருட்டாமல் சட்டத்தோடு அனுப்பினால் போதாதா? அங்கே அதிர்வு என்னும் வேறோர் ஆபத்து காத்திருக்கிறது. இழுத்துக் கட்டிய கித்தான் மேளத்தோலைப் போன்றது. அதன் அளவுக்கும் இறுக்கத்திற்கும் ஏற்ப அதற்கென ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. லாரியின் அதிர்வு அதனோடு ஒத்துப்போனால், சிறு அசைவும் பெரிதாகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் மெல்லத் தள்ளினாலும் அது உயர உயர ஆடுவதில்லையா? இதுவே ஒத்ததிர்வு. துணி வளைந்து கொடுக்கும். அதன்மேல் பல ஆண்டுகளாகக் காய்ந்து இறுகிய எண்ணெய் வண்ணம் வளையாது. வெடித்துச் செதில் செதிலாக உதிரும்.

இதற்கு ஓர் எளிய தடுப்பு உண்டு. சட்டத்தின் பின்புறத்தை முழுவதும் மூடும்படி ஒரு பலகையைப் பொருத்துகிறார்கள். பலகைக்கும் துணிக்கும் இடையே அடைபட்ட காற்று, துணியை அதிகம் ஆடவிடாது. பிறகு ஓவியத்தை நுரைப்பஞ்சு பதித்த பெட்டிக்குள் வைக்கிறார்கள். மென்மையான பஞ்சுதான் நல்லது என்று தோன்றலாம். ஆனால், மிக மென்மையான பஞ்சு பாரத்தால் அமுங்கிப் பயனற்றுப் போகும். மிகக் கடினமானது அதிர்ச்சியை அப்படியே உள்ளே கடத்தும். ஆகவே, ஓவியத்தின் எடையைக் கணக்கிட்டே பஞ்சைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெட்டியை நிமிர்த்தி வைத்து, காற்றுத் தாங்கிகள் பொருத்திய லாரியில் ஏற்றுகிறார்கள்.

போய்ச் சேர்ந்தவுடன் பெட்டியைத் திறப்பதில்லை. அறையின் வெப்பநிலைக்குப் பழகட்டும் என்று பெரும்பாலும் ஒரு நாள் அப்படியே விட்டுவைக்கிறார்கள். பிறகே ஓவியத்தை வெளியே எடுத்து, பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சி, புறப்படும் முன் எடுத்த நிழற்படங்களோடு ஒப்பிட்டுப் புதிய விரிசல் உண்டா என்று அங்குலம் அங்குலமாகத் தேடுகிறார்கள்.