கதைக்குத் தலைப்பு அமைவது எவ்வாறு?

பிறந்த குழந்தைக்குப் பெயரிடும் பெற்றோர் அதன் வருங்காலத்தை அறியார். கதாசிரியர் நிலை வேறு. கதை எங்கே போய் முடிகிறது என்பதை அறிந்த பின்னும் அவர் தலைப்பை மாற்றலாம். அறிந்தவற்றுள் எதனைச் சொல்வது, எதனை மறைப்பது என்பதே அவர்முன் உள்ள சிக்கல்.

தமிழ் நாவலின் தொடக்க காலத்தில் கதைமாந்தர் பெயரே தலைப்பாயிற்று. 1879-இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1898-இல் வெளிவந்த மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' ஆகியவை சான்றுகள். இவ்விரண்டிற்கும் இடையில், 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக எழுதிய ராஜம் ஐயரோ, 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்று பெயரிட்டார். 'அல்லது' என்னும் சொல்லின் ஒரு பக்கம் பெண்ணொருத்தி, மறுபக்கம் பழிச்சொல். யாருடைய கதை என்பதோடு, எதைப் பற்றிய கதை என்பதையும் சொல்ல அவர் விழைந்தார். பிற்காலத்தில் நிலைத்தது 'கமலாம்பாள் சரித்திரம்' என்ற பகுதியே.

ஆளைக் குறிக்கும் தலைப்பிலும் நுட்பம் உண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் நாம் பெரிதும் வந்தியத்தேவனுடனேயே பயணம் செய்கிறோம். தலைப்போ அருள்மொழிவர்மனுக்கு உரியது. அதிலும் அரசன் என்ற சொல் இல்லை. காவிரியின் மகன் என்றே இருக்கிறது. கைக்கெட்டிய மணிமுடியைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறு ஏது?

பொருள்களும் தலைப்பாகும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வை எழுதிய ராஜம் கிருஷ்ணன், நாவலுக்குக் 'கரிப்பு மணிகள்' என்று பெயரிட்டார். கண்ணுக்கு மணி, நாவுக்குக் கரிப்பு. காண்பவர் அழகையும் உழைப்பவர் துயரையும் இரண்டே சொற்கள் ஏந்தி நிற்கின்றன.

இனி, தலைப்பே குற்றம் சாட்டுவதும் உண்டு. புதுமைப்பித்தன் 1934-இல் 'பொன்னகரம்' எழுதினார். உள்ளே காண்பது வறியவர் வாழும் சந்து. கணவனுக்குக் கஞ்சி வார்க்கத் தன்னையே விற்கும் ஏழை மனைவி. அக்கதைக்கு 'வறுமையின் கொடுமை' என்று பெயரிட்டிருந்தால், நாம் அவளுக்காக இரங்கிவிட்டுப் போயிருப்போம். 'பொன்னகரம்' என்றதால், இந்நகரைப் பொன்னென்று போற்றுவோர் யார் என்ற கேள்வி நம்மீதே திரும்புகிறது.

தலைப்பு முதலிலேயே கிடைத்துவிட வேண்டுமென்பதில்லை. 'போரும் அமைதியும்' நாவலின் முதற்பகுதியை டால்ஸ்டாய் 1865-இல் '1805' என்ற பெயரிலேயே வெளியிட்டார். ஓர் ஆண்டின் கதை மானிட வாழ்வின் கதையாக விரிந்தபோது, பெயரும் உடன் விரிந்தது.

ஆவடியில் தொழிற்சாலைச் சங்கொலி கேட்டு வளர்ந்த மாணவன் ஒருவன், பள்ளி ஆண்டு மலருக்காக ஒரு கதை எழுதி என்னிடம் தந்தான். மாலைச் சங்கு ஊதியதும் தந்தையை எதிர்நோக்கித் தெருமுனைக்கு ஓடும் சிறுவன். ஒருநாள் சங்கு ஊதுகிறது, தந்தை வரவில்லை. தலைப்பு 'தந்தையின் அருமை'. "கதை சொல்ல வேண்டியதைத் தலைப்பே சொல்லிவிட்டதே, தம்பி! உன் கதையில் ஒலிப்பது எது?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தவன், பழைய தலைப்பை அடித்துவிட்டு 'மாலைச் சங்கு' என்று எழுதினான். கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் படித்து முடித்தவர்களுக்கு அத்தலைப்பு வேறோர் ஒலியாகக் கேட்டது.

ஆகவே, நீதியைத் தலைப்பில் வைக்காதீர்கள். கதைக்குள் உள்ள ஒரு பொருளையோ, ஒலியையோ, இடத்தையோ தேடுங்கள். எழுதி முடித்தபின் தலைப்பை மீண்டும் படியுங்கள். முதலில் தந்த பொருளைவிட இப்போது மிகுதியாகத் தருமாயின், அதுவே தக்க தலைப்பு. படிக்கும்போதும் இச்சோதனையைச் செய்து பாருங்கள். ஆசிரியர் யார் பக்கம் நிற்கிறார் என்பது பல வேளைகளில் அங்கேயே விளங்கிவிடும்.