தஞ்சை நாட்டு நிலவாவணங்களும் அவற்றைத் தேடும் நெறியும்

திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழ்ந்த வழக்கினைச் சேக்கிழார் பெருமான் பாடியுள்ள முறை, சமயவுணர்வுக்கு மட்டுமன்றி ஆவண மரபுக்கும் சிறந்த சான்றாகும். முதிய வேதியர் காட்டிய ஓலையை நம்பியாரூரர் கிழித்துவிடுகின்றார். கிழிக்கப்பட்டது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உள்ளது என்றும் வேதியர் கூறுகின்றார். அவையத்தார் மூலவோலையைப் படித்ததோடு அமையவில்லை; ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டன் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே முடிவு கூறினர். மூலம் வேறு, படி வேறு என்னும் தெளிவும், ஆவணத்தைக் காப்பில் வைத்தல் வேண்டும் என்னும் முறையும், ஐயம் நேர்ந்துழி ஒன்றனை மற்றொன்றனோடு ஒப்பிடல் வேண்டும் என்னும் நெறியும் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழர் நன்கறிந்தவை என்பது இதனாற் பெறப்படும்.

இத்தகைய மரபில் வந்த நாம், புலவர் வரலாறு எழுதப் புகுங்கால் ஆவணங்களை நாடுவது அரிதாகவே உள்ளது. பாயிரத்தையும் தனிப்பாடலையும் செவிவழிச் செய்தியையும் கொண்டே காலம் கணித்து அமைகின்றோம். ஆனால், கடந்த இருநூறு ஆண்டுகளில் காவிரிப் பாசனப் பகுதியில் வாழ்ந்த புலவரும் ஓதுவாரும் இசைவாணரும் ஏடு காத்த குடும்பத்தாரும் பெரும்பாலும் ஏதேனும் ஒரு நிலத்தைச் சார்ந்தே வாழ்ந்தனர். அவர்கள் மானியம் பெற்றனர், குத்தகைக்கு விட்டனர், பாகம் பிரித்தனர், வழக்காடினர். இவற்றுள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எழுத்தாக நின்றிருத்தல் கூடும். அவ்வெழுத்து எங்கே உள்ளது, அதனை எங்ஙனம் கேட்டுப் பெறுவது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தேடலின் அடிப்படை

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்ந்த புலவர் ஒருவரின் நிலம் பற்றி அறிய விரும்பி, யாம் முன்னொருகால் ஓர் அலுவலகத்திற்குச் சென்று அவர் பெயரைக் கூறிக் கேட்டோம். அப்பெயரில் யாதும் இல்லை என்பதே விடை. விடையிற் பிழையில்லை, எம் வினாவே பிழையுடையது. அங்கிருந்த கட்டுகள் ஊர், ஆண்டு, எண் என்னும் வரிசையில் அடுக்கப்பட்டவை. சில திங்கள் கழித்து ஊரையும் பசலியாண்டையும் குறித்துக் கேட்டபோது, அன்று பிற்பகலிலேயே அப்பக்கம் எம் கைக்கு வந்தது. உலகம் அறிந்த புலமைப் பெயர் அதில் இல்லை. வீட்டில் வழங்கிய பெயரும் தந்தையார் பெயருமே இருந்தன.

ஆவணம் தன்னை எழுதிய அலுவலகத்தின் ஒழுங்கிலேயே கிடக்கும். ஆராய்வாரின் பொருளொழுங்கிற் கிடவாது. இதுவே இத்துறையின் முதல் விதி எனலாம். ஆகலின், தேடப் புகுவார் நான்கு வினாக்களுக்கு முதலில் விடை காணல் வேண்டும். எந்த ஊர்? எந்த ஆண்டு? அவ்வாண்டில் அவ்வூர் எந்த அலுவலகத்தின் ஆளுகையில் இருந்தது? அவ்வலுவலகம் எப்பதிவேட்டில் எழுதியது?

இவற்றுள் மூன்றாவது வினாவே பலரை இடர்ப்படுத்துவது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. மாவட்டத்தின் தலைமையிடம் 1845 வரை நாகப்பட்டினத்திலும், பின்னர் 1860 வரை தரங்கம்பாடியிலும் இருந்து, அதன்பின் தஞ்சைக்கு மாறியது. பழைய தஞ்சை மாவட்டத்தினின்று 1974இல் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்திற் சேர்ந்தது. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டமும், 1997இல் திருவாரூர் மாவட்டமும், 2020இல் மயிலாடுதுறை மாவட்டமும் தோன்றின. ஓரூரின் ஆவணங்கள் இம்மாற்றங்களுக்கு ஏற்ப இடம்பெயர்ந்திருக்கலாம். பெயராது பழைய இடத்திலேயே தங்கியிருக்கவும் கூடும். தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தமையின், அக்காலத்து எழுத்துகளைக் கோபன்ஹேகன் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேடல் வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காற் பகுதிக்கு ஆவண மரபே வேறு.

2. மராட்டியர் காலமும் கும்பினியார் காலமும்

மராட்டிய மன்னர் காலத்து அரண்மனைக் கணக்குகள் மோடி எழுத்தில் அமைந்தவை. சத்திரங்கள், கோயில்கள், கலைஞர் ஆகியோர்க்கு அளித்த கொடைகள் பற்றிய செய்திகள் அவற்றுள் மிகுதி. சரசுவதி மகால் நூலகத்திலுள்ள மோடி ஆவணங்களும், 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள மொழிபெயர்ப்புகளும் மோடி பயிலாதார்க்கும் வழிகாட்டும்.

கும்பினியார் காலத்துக் கடிதப் போக்குவரத்துகளுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடுக. 1909இல் நிறுவப்பெற்ற அக்காப்பகத்தில் தஞ்சை மாவட்ட ஆட்சியர்க்கும் வருவாய் வாரியத்திற்கும் இடையே நடந்த கடிதங்கள் தொகுதிகளாக உள்ளன. பல்கலைக்கழக அறிமுகக் கடிதத்துடன் விண்ணப்பித்து ஆய்வு அனுமதி பெற்ற பின், கையேடுகளைப் பார்த்துத் தொகுதியெண்ணும் நாளும் குறித்துக் கேட்டல் வேண்டும். பொருளை மட்டும் கூறிக் கேட்பார் வெறுங்கையுடன் திரும்புவர்.

3. இனாம் பதிவேடு

இலக்கிய வரலாற்றாசிரியர்க்கு மிகவும் பயன்படுவதாக யாம் கருதுவது, 1858இல் ஏற்படுத்தப்பட்ட இனாம் ஆணையம் எழுதுவித்த பதிவேடாகும். வரி நீங்கிய மானிய நிலங்கள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, அதன் பரப்பு, கொடுத்தவர் யார், எவ்வாண்டு கொடுத்தார், எழுத்துச் சான்று உண்டா, முதலிற் பெற்றவர் யார், அப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலிற் பெற்றவர்க்கு அவர் என்ன முறை என்பனவற்றை அது கட்டங்கட்டமாகக் கூறுகின்றது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 1862இல் எழுதிய பதிவில் ஒருவர்க்கு வயது நாற்பத்தேழு எனக் காணப்படின், அவர் 1815ஐ ஒட்டிப் பிறந்தவர் எனக் கொள்ளலாம். பாயிரங்கொண்டு அரை நூற்றாண்டு எல்லைக்குள் காலம் கணித்த ஒருவரைச் சில ஆண்டு எல்லைக்குள் நிறுத்த இஃது உதவும். எனினும், வயது வாய்மொழியாற் பெறப்பட்டது என்பதை மறத்தலாகாது.

4. நிலவரிக் கணக்குகள்

கிராமக் கணக்குகளுள் அடங்கல் என்பது இரண்டாம் எண் கணக்கு. ஆண்டுதோறும் எப்புலத்தில் என்ன பயிர் விளைந்தது என்பதைக் காட்டும். சிட்டா என்பது பத்தாம் எண் கணக்கு. ஒருவர் பெயரிலுள்ள நிலங்களைத் தொகுத்துரைக்கும். 'அ' பதிவேடு புல எண்வாரியாக நிலத்தின் வகையையும் பரப்பையும் தீர்வையையும் கூறும். புலப்படம் அதன் எல்லைகளை வரைந்து காட்டும்.

இவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் கர்ணங்கள். 1980 நவம்பர் 14இல் அப்பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. கணக்குகள் புதிய கிராம நிர்வாக அலுவலர் முறைக்கு மாறின. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புலங்களின் உட்பிரிவுகளும் மாறின. இன்றைய பட்டாவையும் சிட்டாவையும் அரசின் இணையதளத்தில் எவரும் காணலாம். ஆனால், அங்குக் காணும் எண்ணைக் கொண்டு நேரே நூறாண்டுக்கு முற்பட்ட கணக்கிற் புகுதல் தவறு. பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்திற் கேட்டு, அதன்வழியே படிப்படியாகப் பின்செல்லல் வேண்டும்.

5. பதிவு அலுவலகம்

விற்பனை, ஒற்றி, பாகப்பிரிவினை, கொடை ஆகிய பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் படியெடுக்கப்பட்டுள்ளன. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்களின் படிகளைக் கொண்ட முதற்புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம், படியும் பெறலாம். மூன்றாம் புத்தகம் உயில்களுக்கு உரியது. எழுதியவர் இறந்த பின்னரே பிறர் அதன் படியைப் பெற இயலும். நான்காம் புத்தகத்தின் படி, பத்திரத்தில் தொடர்புடையார்க்கே உரியது.

அட்டவணைகள் இருவகை. ஒன்று ஆட்பெயரால் அமைவது. மற்றொன்று சொத்தால் அமைவது. பெயர்களை எழுதும் முறை வேறுபடுதலின், இரண்டையும் பார்த்தல் நன்று. வில்லங்கச் சான்று இவ்வட்டவணையின் சாரமே. பத்திரத்தின் உள்ளுறை அதில் இராது. ஏட்டுச் சுவடிகளும் வீட்டுப் பொருள்களும் எவர் பங்கிற்குச் சென்றன என்பது போன்ற செய்தி பாகப்பத்திரத்தின் முழுப்படியில்தான் கிடைத்தல் கூடும்.

6. நீதிமன்றம்

தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக இருந்தவர். பின்னர்த் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். 1805 முதல் 1861 வரையுள்ள தீர்ப்புகளைச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் தமிழிற் தந்தவரும் அவரே. வழக்குத்தாளும் உரைநடையும் இந்நாட்டில் அயலவை அல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

நீதிமன்றத்தில் தேடுவார்க்கு வழக்கெண்ணும் ஆண்டும் இன்றியமையாதவை. அவை கிட்டாவிடின், பிற்காலப் பத்திரங்களிற் 'இன்ன தீர்ப்பின்படி' என வரும் குறிப்புகளிலிருந்து பெறலாம். வழக்கின் தரப்பினர் அல்லாதார் படி கோரின், வேண்டுதற்குரிய காரணத்தைக் கூறும் ஆணையுறுதி உரையுடன் விண்ணப்பித்து நீதிபதியின் ஆணை பெறல் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்ததேனும், நீதிமன்ற ஆவணங்களின் படிகளுக்கு நீதிமன்ற விதிகளே வழி என உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுறுத்தியது. வருவாய்த் துறை முதலிய பிற அலுவலகங்களுக்கு அச்சட்டம் பெரிதும் பயன்படும். பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் முப்பது நாளில் விடை வரல் வேண்டும். விளக்கமோ கருத்தோ கேளாது, இன்ன ஊரின் இன்ன ஆண்டின் இன்ன பதிவேட்டுப் பக்கம் எனக் கேட்பதே முறை.

காலத்தாழ்வு இங்குக் கேடு பயக்கும். 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டமும் அதன்வழி வந்த விதிகளும், குறித்த காலம் கடந்த தாள்களை நீக்க இடந்தருகின்றன. தீர்ப்பு எஞ்சியிருக்க, சாட்சியுரைகள் இல்லாமற் போதல் உண்டு. அந்நிலையில் மேல்முறையீட்டிற்கென அச்சிடப்பட்ட தாள்களும் சட்ட அறிக்கைத் தொகுதிகளும் கைகொடுக்கும். 1855இல் இரண்டாம் சிவாசி மன்னர் ஆண்வழி மரபின்றி மறைந்தபின் அரண்மனைச் சொத்தைக் கும்பினியார் கைக்கொண்டமை குறித்து, அரசியார் காமாட்சி பாய் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்றது. அச்செயல் அரசுச் செயலாகலின் நீதிமன்ற ஆய்வுக்கு உட்படாது என 1859இல் முடிவாயிற்று. அம்முடிவு அச்சிட்ட தொகுதியில் இன்றும் கிடைக்கின்றது. நாம் ஏடு தேடிச் செல்லும் சரசுவதி மகால், 1918இல் பொது நூலகமாவதற்கு முன் அவ்வரண்மனையின் செல்வமாக இருந்தது என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது.

7. காலமும் அளவும்

பசலியாண்டு சூலை முதல் சூன் வரை அமைவது. அதனுடன் 590ஐக் கூட்டின் தொடக்க ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 சூலை முதல் 1891 சூன் வரையாகும். அறுபதாண்டு வட்டப் பெயர் தனித்து வரின் ஐயம் எழும். பிரபவ ஆண்டு 1807ஆகவும் 1867ஆகவும் 1927ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளின் அரசர் பெயரும் பதிவெண்ணும் ஐயத்தை நீக்கும்.

தஞ்சைப் பகுதியில் ஒரு வேலி இருபது மா. ஒரு மா நூறு குழி. பன்னிரண்டடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி. அக்கணக்கில் வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. சோழர் கல்வெட்டுகளில் பதினாறுசாண் கோல் போன்ற வேறு கோல்களும் வருதலின், கோலின் நீளம் அறியாது பரப்பைக் கணித்தல் ஆகாது.

8. ஆவணம் கூறாதவை

பட்டா உடையவர் பெயரைக் கூறும். உழுதவர் பெயரைக் கூறாது. இவ்வுண்மையை மறந்து எழுதப்படும் வரலாறு, நிலவுடையார் வரலாறாகவே முடியும். 1952இல் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாட்கள் பாதுகாப்புச் சட்டமும், 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும், 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டமும் வந்தன. அவற்றின்வழி எழுந்த பதிவேடுகளிலேயே உழவர் பலர் பெயர் முதன்முதலாக நில எழுத்தில் ஏறியது. 1968 திசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் எரியுண்டு மாண்டனர். மாண்டவர் வேளாண் தொழிலாளர் குடும்பத்தார். பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். அவ்வூரின் பட்டாக்களைப் புரட்டி அவர்களைக் காண இயலாது; நீதிமன்றத் தாள்களிலேயே தேடல் வேண்டும். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' முதலிய படைப்புகளை ஆராய்வார் இத்தாள்களையும் படித்தல் கடனாகும். எது நிகழ்ந்தது, எதனைப் படைப்பாளர் சமைத்தார் என்பதை அப்போதே பிரித்தறிய இயலும்.

ஓர் ஆவணத்தை மட்டும் நம்பி முடிவு கூறாது, இனாம் பதிவேட்டைப் பத்திரத்தோடும், பத்திரத்தைத் தீர்ப்போடும், இவை அனைத்தையும் ஊரார் வாய்மொழியோடும் ஒப்பிடுதல் வேண்டும். வெண்ணெய்நல்லூர் அவையத்தார் காட்டிய நெறி இதுவே. ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆய்வுக்குரிய ஓரூரையேனும் தேர்ந்து, அதன் ஆவணங்கள் எங்கெங்கே உள்ளன என்பதற்கு ஒரு பட்டியல் செய்வாராயின், நீக்கப்படவிருக்கும் கட்டுகள் சில காக்கப்படுதலும் கூடும். பட்டியல் செய்தலைச் சிறுபணி என எண்ணற்க. இருப்பது இன்னதென அறிந்தாலன்றி, இழக்கவிருப்பது இன்னதென அறிதல் இயலாது.