கட்டிலின் உயரமும் செவிலியரின் முதுகும்



மருத்துவமனை என்றதும் நமக்கு மருந்து நெடியும் ஊசியும் நினைவுக்கு வரும். கட்டிலை யாராவது நினைப்பதுண்டா? நான் நினைப்பேன். என் அம்மா செவிலியர். இரவுப் பணி முடிந்து வந்ததும் அவர் முதலில் கேட்பது காப்பி அன்று; முதுகு வலித் தைலம்தான்.

அறுவைச் சிகிச்சை முடிந்தவரை நாட்கணக்கில் படுக்க வைத்திருந்தால் காலில் இரத்தம் உறையலாம். நுரையீரலில் சளி கட்டலாம். படுக்கைப் புண்ணும் வரலாம். ஆகவே கூடிய விரைவில் அவரை எழுப்பி உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்க வைக்கிறார்கள். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. உடம்பு துடைக்கவும் கட்டுப் போடவும் கட்டில் செவிலியரின் இடுப்பளவு உயர்ந்திருக்க வேண்டும். நோயாளி எழுந்து நிற்கவோ, பாதம் தரையில் படியுமளவு தாழ்ந்திருக்க வேண்டும். உயரம் மாறாத இரும்புக் கட்டில் இரண்டுக்கும் உதவாது. அந்தக் குறையைச் செவிலியரின் முதுகுதான் ஈடுகட்டுகிறது.

எப்படி என்கிறீர்களா? இயற்பியலில் படித்த நெம்புகோலை நினைத்துக்கொள்ளுங்கள். குனிந்து 15 கிலோ பாரத்தைத் தாங்கும்போது, அது இடுப்பிலிருந்து 50 செ.மீ. தள்ளியிருப்பதாகக் கொள்வோம். முதுகுத் தசைகளோ முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்திலேயே இழுக்கின்றன. ஆகவே அவை பத்து மடங்கு, அதாவது 150 கிலோ பாரத்துக்கு ஈடான விசையைத் தர வேண்டும். இந்தக் கணக்கை அம்மாவிடம் காட்டினேன். “கணக்குப் போடாமலே எனக்குத் தெரியுமே!” என்று சிரித்தார்.

நோயாளிகளைக் கையால் தூக்குவதற்குச் சுமார் 16 கிலோவே உச்ச வரம்பு என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007-இல் கணக்கிட்டார். 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 10 கிலோ இருக்கும்!

இதற்குத் தீர்வு கண்டவர்களும் உண்டு. 1960-களில் இலண்டன் ராயல் கலைக் கல்லூரியைச் சேர்ந்த புரூஸ் ஆர்ச்சர் குழுவினர், கிங்ஸ் ஃபண்டு என்ற அறநிலையத்துக்காக மருத்துவமனைக் கட்டில் ஒன்றை வடிவமைத்தனர். செவிலியர் வேலை செய்யும் விதத்தை அருகிருந்து கவனித்த பிறகே அதன் அளவுகளை முடிவு செய்தார்கள். காலால் மிதித்தே அதன் உயரத்தை மாற்றலாம். கைகள் நோயாளியைப் பிடித்திருக்கலாம்.

சக்கர நாற்காலியிலும் இப்படித்தான். கைப்பிடி கழன்று வருமானால் நோயாளியைப் பக்கவாட்டில் நகர்த்திவிடலாம். கழலாவிட்டால் தூக்கித்தான் ஆக வேண்டும்.

அம்மாவின் வார்டில் சுழற்றி உயர்த்தும் கட்டில்கள் சில உண்டு. சுழற்றும் பிடியோ கால்மாட்டில், தரைக்குச் சற்று மேலே இருக்கிறது. நோயாளியைத் தாங்கி நிற்பவர் அதை எப்படிச் சுழற்றுவது? அதற்கு இன்னொருவர் வேண்டும். இரவில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் அடுத்த வார்டில் இருப்பார்.