36 ஷாட்தான், டெலிட் கிடையாது! பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோடு போட்டோ போட்டிக்குப் போகலாமா?

தாத்தாவின் பீரோவில் கிடந்த ஃபிலிம் கேமரா. ஆசையாக ஒரு ரோல் போட்டு, மெரினாவில் ஒரு காலை முழுக்க சுற்றி, 36 படம் எடுத்தாச்சு. லேப்பில் இருந்து வந்த நெகட்டிவில் ஒன்றுமே இல்லை. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை!

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் முதல்முறை படம் எடுக்கும் பலருக்கும் நடக்கிற விஷயம்தான் இது. அமெச்சூர் போட்டோ போட்டிக்கு இந்த கேமராவோடு கிளம்புகிறீர்கள் என்றால், ஏன் இப்படி ஆகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன?

எஸ்.எல்.ஆர் கேமராவில் லென்ஸ் வழியாக வரும் காட்சியைத்தான் கண் பார்க்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படியில்லை. லென்ஸுக்கு மேலே தனியாக ஒரு ஜன்னல். நாம் பார்ப்பது அதன் வழியாக. அதனால்தான் லென்ஸ் மூடியிருந்தாலும் காட்சி பளிச்சென்று தெரிகிறது.

ஜன்னலின் நடுவில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் அந்த இரண்டும் நெருங்கும். ஒன்றோடு ஒன்று பொருந்தும்போது ஃபோகஸ் சரி. அவ்வளவுதான் விஷயம்.

1954-ல் வந்த லைக்கா எம்3 இந்த வகையில் பெரிய பெயர். காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்த ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோனின் கையில் இருந்ததும் லைக்காதான். இன்றைக்கும் லைக்கா விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், 1960-களில் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35, கேனன் கேனோனெட் போன்ற மாடல்களைத்தான் ஆரம்பிப்பவர்கள் தேடுகிறார்கள்.

கேமரா கையில் கிடைத்ததும் என்ன பார்க்கணும்?

* ஃபோகஸ்: வளையத்தை முடிவிலி குறிக்குத் திருப்பி, நிலவையோ தூரத்து டவரையோ பாருங்கள். இரண்டு உருவமும் பொருந்தவில்லை என்றால் ரிப்பேர் தேவை.
* பூஞ்சை: லென்ஸை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நம்ம ஊர் ஈரப்பதத்தில் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்வது சகஜம். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது.
* பின்கதவு ஸ்பாஞ்ச்: பல வருஷத்தில் இது பிசுபிசுவென்று உதிர்ந்துவிடும். அந்த இடுக்கில் வெளிச்சம் புகுந்தால் ஃபிலிம் காலி.
* பேட்டரி: அந்தக் காலத்து மெர்க்குரி பேட்டரி இப்போது கடைகளில் இல்லை. அடாப்டர் போட்டு வேறு பேட்டரி பயன்படுத்த வேண்டும். பேட்டரி இல்லாவிட்டால் எலெக்ட்ரோ 35-ன் ஷட்டர் 1/500 நொடி வேகத்தில் மட்டுமே இயங்கும்.

மீட்டர் வேலை செய்யவில்லையா?

பயப்பட வேண்டாம். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்து, ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ எண்ணுக்கு நெருக்கமான ஷட்டர் ஸ்பீடை வைத்தால் போதும். ஐ.எஸ்.ஓ 400 ஃபிலிம் என்றால் 1/500. மேகமூட்டம் என்றால் எஃப்/8-க்கு வாருங்கள். மொபைலில் இருக்கும் லைட் மீட்டர் ஆப்பும் கைகொடுக்கும்.

ரொம்ப கிட்டப் போகாதீர்கள். இந்த கேமராக்களில் பலவும் சுமார் 80 செ.மீ.க்குக் குறைவான தூரத்தில் ஃபோகஸ் ஆகாது. ஜன்னலும் லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதால், கிட்டத்தில் எடுக்கும்போது தலை வெட்டுப்படும் வாய்ப்பும் உண்டு.

போட்டியில் சிக்கல் எங்கே வருகிறது?

2023-ல் சோனி உலக புகைப்பட விருதின் ஒரு பிரிவில் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் தேர்வானார். ஆனால், அது ஏ.ஐ-யில் உருவாக்கிய படம் என்று சொல்லி அவரே பரிசை மறுத்துவிட்டார். ‘இது நிஜமாகவே எடுத்த படமா?’ என்ற கேள்வி இப்போது எல்லாப் போட்டியாளர்கள் முன்னும் நிற்கிறது. இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் ஒரிஜினல் ஃபைலைக் கேட்கும் போட்டிகள் பல.

ஃபிலிமில் எடுத்தவரிடம் அந்த ஃபைல் இருக்காது. ஸ்கேன் செய்த ஃபைலில் இருப்பது ஸ்கேனரின் விவரமும் ஸ்கேன் செய்த தேதியும்தான். ‘இந்த ஆண்டு எடுத்த படம் மட்டும்’ என்று விதி இருந்தால், தேதியை எப்படி நிரூபிப்பது?

இங்கேதான் ஒரு சின்ன நோட்டு உதவும். ஒவ்வொரு படத்துக்கும் எண், தேதி, இடம், எஃப் எண், ஷட்டர் ஸ்பீடு எழுதி வையுங்கள். அதே இடத்தில் மொபைலிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவை லேப்பிலேயே விட்டுவிடாமல் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் வரிசை எண்ணும், முன்னும் பின்னும் எடுத்த படங்களும் அந்த ஸ்ட்ரிப்பில் இருக்கும். கேள்வி வந்தால் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அதுதான்.

ஸ்கேன் படம் செல்லுமா, எவ்வளவு எடிட் செய்யலாம் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். விதிகளைப் படித்துவிட்டு ஃபிலிம் வாங்குங்கள்.

செலவும் நேரமும்

ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இண்டு’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. கடையில் பெரும்பாலும் கிடைப்பது கோடக், இல்ஃபோர்ட் போன்ற வெளிநாட்டு ஃபிலிம்கள். ரோல், டெவலப்பிங், ஸ்கேன் மூன்றையும் கூட்டி 36-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு கிளிக்கின் விலை தெரியும்.

சின்ன ஊர்களில் லேப் கிடைப்பது கஷ்டம், கூரியரில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குவது புத்திசாலித்தனம். முதல் ரோல் கேமராவைச் சோதிக்க. ஃபோகஸ் சரியா, வெளிச்சம் கசிகிறதா என்று அதில் பார்த்துவிட்டு, இரண்டாவது ரோலைப் போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிலிமை மாட்டி லீவரை இழுக்கும்போது, இடப்பக்க ரீவைண்ட் குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் சரியாக மாட்டவில்லை.

அப்படியே லென்ஸ் மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.