அம்பாசிடர் ஏன் டிக் டிக் என்கிறது?

சுவரிதழில் எல்லோரும் வானவில், திமிங்கிலம், எரிமலை என்று எழுதுகிறார்கள். நான் கார் எஞ்சினைப் பற்றி எழுதப் போகிறேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு எஞ்சின்?" என்று கேட்க நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

பழைய கார் ஓடாமல் நின்றபடி ஸ்டார்ட்டில் இருக்கும்போது, பானெட்டுக்குள் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி "டிக் டிக் டிக்" என்று கேட்கும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் அதுவும் வேகமாகும். இதற்கு டேப்பட் சத்தம் என்று பெயர். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் செய்த அம்பாசிடர் கார் 2014 மே மாதத்தோடு நின்று போனது. ஆனாலும் நம்ம பக்கம் கல்யாண வீட்டு வாசலில் இன்னமும் ஒன்றிரண்டு நிற்கிறது. எங்க அப்புச்சியிடம் இருப்பதும் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் அம்பாசிடர்தான். முகூர்த்த நாளில் வாடகைக்குப் போகும். அப்புச்சிக்கும் அம்மாயிக்கும் மருந்து மாத்திரை எல்லாம் அந்த வாடகையில்தான்.

போன தை மாதம் அந்தக் காரில் டிக் டிக் பெரிதாகிவிட்டது. டவுனில் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினோம். பானெட்டைத் திறந்து அரை நிமிடம் கேட்டுவிட்டு, "எஞ்சினை இறக்கணும், கிராங்க் வேலை இருக்கு, 40 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அப்புச்சி வீட்டுக்கு வந்து ஒன்றுமே பேசவில்லை. அம்மாயிதான், "காரைக் காயலான் கடைக்குப் போட்டுரலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

அப்புறம் எங்க ஊர் மெக்கானிக் மாமா வந்தார். "இருங்கய்யா, மொதல்ல காதுல கேப்போமுங்க. எறக்கறதப் பத்தி அப்புறம் பேசலாமுங்க" என்றார். அவர் செய்ததை எல்லாம் நான் கூடவே நின்று பார்த்தேன். (ஃபேன் பெல்ட்டுக்குப் பயந்து ஜடையை முடிந்துகொண்டேன். நீங்களும் பெரியவர்கள் இல்லாமல் ஓடுகிற எஞ்சின் பக்கம் போகாதீர்கள்.)

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் 4 சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் 2 வால்வு. ஒன்று பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரும் கதவு, இன்னொன்று புகை வெளியே போகும் கதவு. மொத்தம் 8 கதவு. எஞ்சினின் பக்கவாட்டில் கீழே கேம் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு சுற்றுகிறது. அதில் முட்டை மாதிரி 8 புடைப்பு இருக்கும். ஒவ்வொரு முட்டை மேலும் ஒரு டேப்பட் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் புஷ் ராடு என்ற நீளக் கம்பி நிற்கும். கம்பி மேலே ஏறினால் ராக்கரின் ஒரு பக்கத்தைத் தூக்கும். ராக்கர் என்பது பார்க்கில் இருக்கும் சீசா பலகையேதான். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் இறங்கி வால்வைத் திறக்கும்.

ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவில் வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். வெப்பத்தால் இரும்பு விரியும் என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? இடைவெளி இல்லாவிட்டால் சூடான வால்வு நீண்டு, கதவு முழுசாக மூடாது. இந்த எஞ்சினுக்கு அந்த இடைவெளி 15 தௌ. தௌ என்றால் ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 15 தௌ என்பது சுமார் 0.38 மில்லிமீட்டர்தான். ராக்கர் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டிப் போய் வால்வைத் தட்டுவதுதான் டிக். தேயத் தேய இடைவெளி கூடும், டிக் பெரிதாகும்.

சோமனூர்ப் பக்கம் பிறந்த நமக்கு இது புரிவது ரொம்பச் சுலபம். தறியில் கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்று சுற்றினால் கீழே இருக்கும் பாட்டம் ஷாஃப்ட் 1 சுற்றுதான் சுற்றும். பாவு நூலை ஏற்றி இறக்குவதும், நாடாவை அடித்துத் தள்ளுவதும் அந்தத் தண்டில் இருக்கும் துண்டுகள்தான். நூலை ஏற்றி இறக்கும் துண்டுக்கு அங்கேயும் டேப்பட் என்றே பெயர்! (தறியில் சுற்றுகிற துண்டுக்கு அந்தப் பெயர், எஞ்சினில் அதன் மேல் உட்கார்ந்திருப்பதற்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.) எஞ்சினிலும் அதே கணக்கு. கிராங்க் 2 சுற்றுக்குக் கேம் 1 சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால் ஒரு வால்வு 300 தடவைதான் திறக்கும். அப்படியென்றால் லூசான ஒரு டேப்பட் விநாடிக்கு 5 டிக் போடும். கிராங்க்கிலோ பேரிங்கிலோ கோளாறு என்றால் சுற்றுக்கு ஒரு அடி, விநாடிக்கு 10.

விநாடிக்கு 5, 10 என்று காதால் எண்ண முடியுமா? முடியாது. மாமா டைமிங் லைட்டை எடுத்து 1ஆம் நம்பர் பிளக் ஒயரில் மாட்டினார். அந்த பிளக்கில் கிராங்க் 2 சுற்றுக்கு ஒரு தடவைதான் பொறி வரும். அதனால் லைட்டும் 2 சுற்றுக்கு ஒரு தடவைதான் மின்னும். "கண்ணு, லைட்டு ஒருக்கா மின்னும்போது சத்தம் எத்தன?" என்று கேட்டார். நான் கண்ணால் பார்த்துக்கொண்டே காதால் கேட்டேன். ஒரு மின்னலுக்கு ஒரு டிக். "அப்ப கிராங்க் இல்ல, மேல்வேல தான்" என்றார். அப்புச்சி முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம் தீர்த்தார். பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். பேரிங் சத்தமாக இருந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்யாதபோது சத்தம் குறையும். எங்கள் டிக் கொஞ்சம்கூட மாறவில்லை. அடுத்து, சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போனாலும் இதே மாதிரி டிக் கேட்குமாம். அது எஞ்சின் சூடானதும் குறையும், அந்த இடத்தில் கரிப்புகை படிந்திருக்கும். இங்கே கரி இல்லை. ஆயில் அளவும் சரியாக இருந்தது. உண்மையில் அதைத்தான் யாரும் முதலில் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தாலே மேலே எல்லாம் சத்தம் போடும், செலவில்லாத வைத்தியம்.

பிறகு டேப்பட் கவரைக் கழற்றிவிட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார். ஃபில்லர் கேஜ் என்பது மெல்லிய இரும்பு இதழ்கள் உள்ள அளவுகோல். ஒரு இதழை ஒவ்வொரு வால்வு இடைவெளியிலும் நுழைத்தார். 6ஆம் வால்வில் நுழைத்ததும் டிக் சட்டென்று அடங்கியது. எடுத்தால் திரும்ப வந்தது. திருடன் அகப்பட்டான்!

எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லா வால்வையும் அளந்தோம். இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு வருகிறது. 1ஆம் வால்வை அளக்க வேண்டுமானால் 8ஆம் வால்வு முழுசாகத் திறந்திருக்க வேண்டும். 3ஐ அளக்க 6 திறந்திருக்க வேண்டும். 5க்கு 4, 2க்கு 7. கூட்டிப் பாருங்கள், எப்போதும் 9! மாயம் ஒன்றும் இல்லை. 1ஆம் சிலிண்டரும் 4ஆம் சிலிண்டரும் கேம் கணக்கில் சரியாக அரைச்சுற்று தள்ளி இருக்கின்றன. 2ம் 3ம் அப்படியே. ஒன்றின் முட்டை மூக்கு மேலே இருந்தால் அதன் ஜோடியின் மூக்கு கீழே. அப்போதுதான் இடைவெளி முழுசாக இருக்கும். வால்வுகளும் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே வரிசையில் இருப்பதால் கூட்டினால் 9 வருகிறது. மாமா கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்ற, நான்தான் நம்பர் சொன்னேன்.

6ஆம் வால்வில் 25 தௌ இருந்தது. 15 வைத்தும் கொஞ்சம் டிக் பாக்கி. ராக்கரைக் கழற்றிப் பார்த்தால் வால்வைத் தட்டும் இடத்தில் சின்னக் குழி விழுந்திருந்தது. இதழ் தட்டையானது, குழியின் மேலே பாலம் மாதிரி நின்றுவிடும். அதனால் அளவு சரி என்று காட்டும், உள்ளே குழியின் ஆழம் கணக்கில் வராது. பழைய சாமான் கடையில் நல்ல ராக்கர் ஒன்று வாங்கி மாட்டினோம். கூலியோடு சேர்த்து 2 ஆயிரத்துக்குள் முடிந்தது.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது 6ஆம் வால்வு இல்லை, 4ஆம் வால்வு. அதில் 6 தௌதான் இருந்தது. அது சத்தமே போடவில்லை. இடைவெளி குறைந்தால் டிக் குறையும், கார் அமைதியாகிவிட்டது என்று நாம் சந்தோஷப்படுவோம். ஆனால் புகைக் கதவு சரியாக மூடாவிட்டால் அதன் சூடு இறங்க வழியில்லை, ஓரம் எரிந்து போகும். பழைய எஞ்சினில் இது ஏன் நடக்கிறது என்றால், அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு உட்காரும் இடத்துக்கு அது மெத்தை மாதிரி. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். நம் மூச்சுக்கு அதுதான் நல்லது. ஆனால் பழைய எஞ்சினில் அந்த இடம் தேய்ந்து, வால்வு மேலே ஏறி, இடைவெளியைத் தின்றுவிடுகிறது. "சத்தம் போடறது நம்மளக் கூப்புடுது கண்ணு. சத்தமில்லாம இறுகறதத் தான் தேடிப் போயிப் பாக்கோணும்" என்றார் மாமா. அதனால் இப்போது டிக் இல்லாவிட்டாலும் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளக்கிறோம். நோட்டில் 8 வால்வுக்கும் கட்டம் போட்டு நான்தான் எழுதுகிறேன்.

புதுக் கார்கள் பலவற்றில் ஆயில் அழுத்தத்தால் இடைவெளி தானே சரியாகிக்கொள்ளும். அவற்றில் டிக் கேட்டால் ஆயிலைத்தான் சந்தேகப்பட வேண்டும். மாருதி 800இல் புஷ் ராடு கிடையாது, கேம் ஷாஃப்ட் மேலேயே இருக்கும். ஆனாலும் திருகு வைத்துச் சரிசெய்யும் வேலை உண்டு.

கடைசியாக, கணக்கு சாருக்கு ஒரு விண்ணப்பம். சார், காலையில் உங்கள் பைக் கேட்டைத் தாண்டும்போது 9 'அ' பிரிவு வரை டிக் டிக் கேட்கிறது. முதலில் ஆயில் பாருங்கள் சார்.

— 9ஆம் வகுப்பு மாணவி