செனட்டர் பேசுகிறார்: அந்தப் பேச்சை எப்படி எடைபோடுவது?



வரலாற்றுப் பாடத்தில் நாடாளுமன்ற ஜனநாயகம் வரும்போது, மக்களவையை நம் மாணவர்கள் சுலபமாகப் புரிந்துகொள்கிறார்கள். தேர்தல், தொகுதி, ஓட்டு எல்லாம் அவர்கள் கண்ணால் பார்த்தவை. மேலவை என்றதும்தான் தடுமாற்றம். "டீச்சர், செனட்டருக்கு யாரும் ஓட்டே போடலையே, அப்புறம் அவர் யாருக்காகப் பேசுறார்? பேசி என்ன ஆகப்போகுது?" என்று கேட்டுவிடுவார்கள்.

கேள்வி நியாயமானதுதான். இதற்கு வரலாற்று ஆசிரியர் மட்டும் பதில் சொன்னால் போதாது. விவாதக் கட்டுரையும் விவாத மேடையும் நம் கையில் இருக்கின்றன. வாதத்தை எடைபோடச் சொல்லித்தருவது தமிழாசிரியரின் வேலையும்தான். வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

செனட்டர் என்பவர் யார்?

மேலவையில் மொத்தம் 70 இடங்கள். 13 மாநிலச் சட்டமன்றங்களும் தலா இருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன, அது 26. மீதி 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். அந்த 44-இல் கோலாலம்பூருக்கு இருவர், லாபுவானுக்கும் புத்ராஜெயாவுக்கும் ஒவ்வொருவர் அடக்கம். செனட்டராகக் குறைந்தது 30 வயது வேண்டும். ஒரு தவணை 3 ஆண்டு. இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது.

1957-இல் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 11 மாநிலங்களிலிருந்து 22 பேர், நியமனம் 16 பேர். அதாவது, மாநிலங்களின் குரல் மேலோங்கி நிற்கும் அவையாகத்தான் அது தொடங்கியது. இன்று நியமன உறுப்பினர்களே அதிகம். அதனால்தான் மேலவையைத் 'தலையாட்டும் அவை' என்று பலர் குறை சொல்கிறார்கள்.

நியமனத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. பொதுச் சேவை, தொழில்முறைத் துறைகள், வணிகம், விவசாயம், பண்பாடு, சமூகச் சேவை ஆகியவற்றில் சிறந்தவர்கள், சிறுபான்மை இனங்களின் பிரதிநிதிகள், ஒராங் அஸ்லி நலனை எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் என்று அரசமைப்பின் 45-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. மாணவரின் "யாருக்காகப் பேசுறார்?" என்ற கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. தேர்தலில் ஜெயிக்க எண்ணிக்கை போதாதவர்களுக்கும் நாடாளுமன்றத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

அதிகாரம் எதுவரை?

பண மசோதாவை மேலவை ஒரு மாதம்தான் தாமதப்படுத்த முடியும். மற்றச் சாதாரண மசோதாக்களை ஏறக்குறைய ஓராண்டு நிறுத்திவைக்கலாம். அதற்குப் பிறகு மக்களவை மீண்டும் நிறைவேற்றினால், மேலவை மறுத்தாலும் மசோதா மாமன்னரின் ஒப்புதலுக்குப் போய்விடும்.

அரசமைப்புத் திருத்தம் என்றால் கதை வேறு. பெரும்பாலான திருத்தங்களுக்கு இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்த திருத்தம் 2019 ஜூலையில் மக்களவையில் 211 வாக்குகளோடு நிறைவேறியது. அதோடு முடிந்துவிடவில்லை, அதே மாதம் மேலவையையும் அது தாண்ட வேண்டியிருந்தது. நம் படிவம் ஐந்து மாணவர்கள் பள்ளி முடித்த அடுத்த ஆண்டே ஓட்டுப் போடலாம் என்றால், அதில் செனட்டர்களின் கையும் இருக்கிறது. இதைச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

மூன்று உண்மை நிகழ்வுகள்

முதலாவது, 2018. பொய்ச் செய்தி எதிர்ப்புச் சட்டம் அந்த ஆண்டு ஏப்ரலில் நிறைவேறியது. உச்ச தண்டனை 500,000 ரிங்கிட் அபராதம், ஆறு ஆண்டுச் சிறை. மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் அந்தச் சட்டத்தை நீக்கும் மசோதாவை ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேற்றியது. செப்டம்பர் 12-இல் மேலவை அதை நிராகரித்தது: எதிர்ப்பு 28, ஆதரவு 21, மூவர் வாக்களிக்கவில்லை. அப்போது அவைத் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ. விக்னேஸ்வரன். இருக்கும் சட்டங்களே போதும் என்றது ஒரு பக்கம். பொய்ச் செய்தியைத் தடுக்கத் தனிச் சட்டம் தேவை, நீக்காமல் திருத்தலாம் என்றது மறுபக்கம். ஓராண்டு கழித்து, 2019 அக்டோபரில், மக்களவை மீண்டும் நிறைவேற்றியது. டிசம்பரில் மேலவையும் ஏற்றது. யார் சரி என்பதை மாணவர்களிடமே விடுங்கள். ஆனால் 'தலையாட்டும் அவை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது என்பது அவர்களுக்குப் புரியும்.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகளின் இருக்கை. பார்வையற்ற பொருளியல் பேராசிரியர் இஸ்மாயில் முகமட் சாலே, சக்கர நாற்காலியில் இயங்கும் பத்மாவதி கிருஷ்ணன், ராஸ் அடிபா ராட்சி என்று பலர் அவர்களுக்காக மேலவையில் அமர்ந்திருக்கிறார்கள். 2008-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உரிமைகள் எழுதப்பட்டன; அவற்றை மீறுவோருக்குத் தண்டனை எழுதப்படவில்லை. பாகுபாட்டைத் தடுக்கும் அரசமைப்பின் 8-ஆம் பிரிவில் 2001-இல் பாலினம் சேர்க்கப்பட்டது, உடற்குறை சேரவில்லை. இப்படிப்பட்ட இடைவெளியைப் பார்க்க, அதோடு வாழ்ந்தவர் அவையில் இருக்க வேண்டும். சாய்தளம் இல்லாத பேருந்து நிலையம் மற்றவர்களுக்குக் கண்ணிலேயே படாது.

மூன்றாவது, கொஞ்சம் பழைய கதை. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்கள் வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு வழி வைக்கவில்லை. பரிந்துரை தோற்றது என்னவோ உண்மை. ஆனாலும் ஊராட்சித் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அந்த அறிக்கையைத்தான் இன்றும் எடுத்துப் புரட்டுகிறார்கள். (அவருடைய துணைவியார், ராணி ஜான்சி படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பனும் பின்னர் செனட்டரானவர்.)

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. செனட்டருக்குத் தொகுதியும் இல்லை, சாதாரண மசோதாவில் கடைசி முடிவும் அவர் கையில் இல்லை. அவருக்கு இருப்பது கேள்வியும் வாதமும். அவை பதிவேட்டில் நிற்கும். அதனால் அவர் எவ்வளவு நேரம் பேசினார், யார் மேசையைத் தட்டினார்கள் என்பது முக்கியமில்லை. என்ன கேட்டார், எதை ஆதாரமாக வைத்தார், அமைச்சர் என்ன பதில் சொன்னார்? இந்த மூன்றையும் பாருங்கள், அவ்வளவுதான்.

வகுப்பில் செய்து பார்க்க

நாடாளுமன்ற இணையத்தளத்தில் மேலவையின் ஹன்சார்ட் மலாய்மொழியில் கிடைக்கிறது. முதலில் நான்கு சொற்களைப் பழக்குங்கள்: ரங் உண்டாங்-உண்டாங் என்றால் சட்ட மசோதா, உசுல் என்றால் தீர்மானம், சோலான் தம்பாஹான் என்றால் துணைக் கேள்வி, பெங்குலுங்கான் என்றால் விவாதத்தின் முடிவில் அமைச்சர் தரும் தொகுப்புரை. பிறகு:

1. குழுவுக்கு ஒரு செனட்டர், ஒரே ஓர் உரை. இரண்டு மூன்று பக்கம் போதும். முழு நாள் பதிவையும் கொடுத்தால் மாணவர்கள் ஓடிவிடுவார்கள்.

2. மூன்று வண்ணத்தில் கோடிடச் சொல்லுங்கள்: கருத்துக்கு ஒன்று, ஆதாரத்துக்கு ஒன்று, கோரிக்கைக்கு ஒன்று. புகழ்ச்சிக்கும் வணக்கத்துக்கும் வண்ணம் வேண்டாம். ஒரு பக்கத்தில் வண்ணமே விழவில்லை என்றால், அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

3. அமைச்சரின் பதிலைத் தேடட்டும். பதில் கேள்விக்கு நேராக வந்ததா, சுற்றி வந்ததா, வரவே இல்லையா?

4. கடைசியில் 150 சொல்லில் தமிழில் மதிப்பீடு. 'சிறப்பாகப் பேசினார்' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. எந்த வாதம் ஏன் நின்றது, எது ஏன் நிற்கவில்லை என்று எழுத வேண்டும்.

மலாயில் படித்ததைத் தமிழில் சுருக்கும்போது மொழிபெயர்ப்புப் பயிற்சியும் கூடவே நடந்துவிடும். செனட்டர் எந்தக் கட்சி என்பதை மூன்றாம் படி முடியும்வரை மறைத்து வைப்பது நல்லது. கட்சிப் பெயர் தெரிந்துவிட்டால் வாதத்தை யாரும் படிக்கமாட்டார்கள், நாமும் அப்படித்தானே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மவர் ஒருவர் செனட்டரானால் மாலை போடுகிறோம், நாளிதழில் வாழ்த்து வருகிறது. அந்த மூன்று ஆண்டில் அவர் தமிழ்ப்பள்ளிக்காகவோ, குடியுரிமை இல்லாமல் தவிக்கும் பிள்ளைக்காகவோ, நாடு முழுவதற்குமான ஒரு பிரச்சினைக்காகவோ என்ன கேட்டார் என்று நம்மில் எத்தனை பேர் புரட்டிப் பார்க்கிறோம்? 18 வயதில் ஓட்டுப் போடப்போகிற பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வரட்டும். அடுத்த மேலவைக் கூட்டத்தொடரிலிருந்து ஓர் உரையை இப்போதே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடவேளை போதும், தொடங்கிவிடலாம்.